சீனத்து வசந்தம் கைநழுவிப் போகாமல் இருக்க: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சீனாவுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வருகிறவர்களில் பலர் செப்டம்பர் வாக்கில் வந்து இறங்குகிறார்கள். இலையுதிர் காலம் இதமாகப் போகும், அதன் பின்னாலேயே குளிர் வந்து வீட்டுக்குள் முடக்கிவிடும். சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் வேலை மலைபோல் குவிந்திருக்கும். அதை முடித்து நிமிரும்போது மே மாதம். வெயில் ஏறியிருக்கும், பூவெல்லாம் உதிர்ந்திருக்கும், சந்தையில் மூங்கில் குருத்து முற்றியிருக்கும். இந்த நாட்டின் ஆகச் சிறந்த மூன்று மாதங்களை இப்படித் தவறவிடுவது உண்மையிலேயே பெரிய நட்டம். அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சீனா பரந்த நாடு. பெய்ஜிங்கில் வீடுகளுக்கு அரசு சூடேற்றிக்கொண்டிருக்கும்போது யுன்னானில் கடுகுப் பூ வாடியிருக்கும். ஆகவே ஷாங்காய், ஹாங்சோ, சூசோ, நான்ஜிங் என்று யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியை மையமாக வைத்துச் சொல்கிறேன். தமிழர்களும் இருக்கும் ஊர்கள் இவை. மற்ற ஊர்க்காரர்களுக்கும் அங்கங்கே குறிப்பு உண்டு.

முதல் வேலை: ஏழு தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

இங்குள்ளவர்கள் வசந்தத்தை மாதக் கணக்கில் பார்ப்பதில்லை. சூரியனின் ஓராண்டுப் பாதையைப் பதினைந்து பதினைந்து பாகையாக 24 கூறுபோட்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். ஜியேச்சி என்பார்கள். 2016-ல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் சேர்ந்தது. சூரியன் ராசி மாறுவதை வைத்து மாதம் கணக்கிடும் நமக்கு இது பிடிபட நேரமாகாது.

வசந்தத்துக்கு உரியவை ஆறு: லிச்சுன் (பிப்ரவரி 4 வாக்கில்), யூஷுய் (பிப்ரவரி 19), ஜிங்ஜே (மார்ச் 5), ச்சுன்ஃபென் (மார்ச் 20), சிங்மிங் (ஏப்ரல் 4 அல்லது 5), குயூ (ஏப்ரல் 20). ஏழாவதான லிசியா (மே 5) கோடையின் வாசல். ஆண்டுக்கு ஆண்டு ஒரு நாள் முன்பின் ஆகலாம், அவ்வளவுதான். புத்தாண்டு மட்டும் சந்திரக் கணக்கில் வருவதால் ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையே ஆடும்.

இந்தத் தேதிகளைப் போனில் போட்டுவையுங்கள். காய்கறிக்காரர், தேயிலை விற்பவர், அலுவலகத்து அக்கா எல்லாரும் "சிங்மிங்குக்கு முன்னால்", "குயூவுக்கு அப்புறம்" என்றுதான் பேசுவார்கள். ஒவ்வொரு பண்டத்துக்கும் பூவுக்கும் ஏறத்தாழ இரண்டு வாரம்தான் ஆயுள். "அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற நினைப்பை மட்டும் இந்த மூன்று மாதத்துக்கு ஒதுக்கிவையுங்கள்.

உடுப்பை அவசரப்பட்டு உள்ளே வைக்காதீர்கள்

மார்ச்சில் ஷாங்காயின் சராசரி, பகலில் 14 டிகிரி, இரவில் 6 டிகிரி அளவில் இருக்கும். ஆனால் சராசரியை நம்பிச் சட்டையைத் தேர்ந்தெடுக்க முடியாது. திங்கட்கிழமை 24 டிகிரி வெயிலில் எல்லாரும் பூங்காவில் திரிவார்கள். புதன்கிழமை வடக்கிலிருந்து காற்று இறங்கி, மழையோடு 8 டிகிரிக்குப் போய்விடும். திரும்பி வரும் இந்தக் குளிருக்குத் தாவ்ச்சுன்ஹான் என்று தனிப் பெயரே உண்டு. வசந்தத்தில் போர்த்திக்கொள், இலையுதிர் காலத்தில் கொஞ்சம் குளிரைத் தாங்கு என்பது வீட்டுப் பெரியவர்கள் சொல்வது. சிங்மிங் கழியும்வரை உள்ளாடையாகப் போடும் வெப்ப உடுப்பைக் கையெட்டும் இடத்தில் வையுங்கள். மேலே கழற்ற வசதியாக இரண்டு மெல்லிய அடுக்கு, மடக்குக் குடை. இது போதும்.

சின்லிங் மலைத்தொடருக்கும் ஹுவாய் ஆற்றுக்கும் வடக்கே அரசு ஏற்பாட்டில் வீடுகளுக்குச் சூடேற்றுகிறார்கள், தெற்கே கிடையாது. அதனால் ஷாங்காயில் மார்ச் மாத நண்பகலில் தெருவைவிட வீடு குளிராக இருக்கும். வெயில் வந்தால் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். அக்கம்பக்கத்தார் போர்வைகளை வெளியே தொங்கவிடும் நாளில் நீங்களும் தொங்கவிடுங்கள், அவர்கள் வானத்தைப் பார்த்துத்தான் செய்வார்கள். குவாங்சோவில் இதற்கு நேர்மாறு. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை கடலிலிருந்து ஈரக்காற்று வரும் நாட்களில் சுவரெல்லாம் வியர்த்து, தரை வழுக்கும். அப்போது ஜன்னலை இறுக மூடி, ஏசியை ஈரம் உறிஞ்சும் நிலையில் வைக்க வேண்டும்.

பெய்ஜிங்வாசிகளுக்கு இந்தச் சூடேற்றல் மார்ச் 15-ல் நிற்கும், அதன் பின் இரண்டு வாரம் போர்வைக் காலம். கோபிப் பாலைவனப் பக்கமிருந்து மணற்புயலும் வரலாம். 2021 மார்ச் 15 அன்று ஊரே மஞ்சளாகிப் போனது. காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஏப்ரல் பிற்பாதியில் பாப்லர், வில்லோ மரங்களின் பஞ்சு பறக்கும், ஷாங்காயிலும் நான்ஜிங்கிலும் பிளேன் மரங்களின் துகள் கொட்டும். ஒவ்வாமை உள்ளவர்கள் முகக்கவசத்தோடு கண்ணாடியும் போடுவது நல்லது.

சந்தைக்குப் போங்கள், காலை எட்டு மணிக்கு முன்

செயலியில் எல்லாம் கிடைக்கும், அரை மணியில் வாசலுக்கே வந்துவிடும். ஆனாலும் வசந்தத்தைச் சாப்பிட வேண்டுமானால் தெருச் சந்தைக்குத்தான் போக வேண்டும். எது வந்திருக்கிறது, எது முடிந்துவிட்டது என்பதை அங்கேதான் பார்க்க முடியும். எடை 'ஜின்' கணக்கு. ஒரு ஜின் அரைக் கிலோ. விலைப் பலகையை நம் கிலோ என்று நினைத்துப் படித்துவிடாதீர்கள்.

பிப்ரவரியில் சந்தை ஓரத்தில் வசந்தச் சுருளுக்கு (ஸ்பிரிங் ரோல்) தோல் வார்ப்பவர்களைத் தேடிப் பாருங்கள். தளதளவென்று நீர்கோத்த மாவு உருண்டையை ஒரு கையில் ஏந்தி, கீழே விழாமல் சுழற்றிக்கொண்டே, சுடும் இரும்புத் தட்டில் ஒரு வட்டம் தேய்ப்பார்கள். தேய்த்த வேகத்தில் உருண்டை கைக்குத் திரும்பிவிடும். தட்டில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் ஓரம் உலர்ந்து தூக்கியதும் விரலால் உரித்து அடுக்குவார்கள். ஷாங்காய் வீடுகளில் உள்ளே பெரும்பாலும் முட்டைக்கோஸ் வகையும் பன்றி இறைச்சியும் வைப்பார்கள். தோலை மட்டும் வாங்கி வந்து, காளானும் கோஸும் வதக்கி வைத்துச் சுருட்டிப் பொரித்தால் சைவக்காரர்களுக்கும் குறையில்லை.

மார்ச் வந்துவிட்டால் மூங்கில் குருத்துதான் ராஜா. குட்டையாக, பருமனாக, நுனி மஞ்சளாக இருப்பதை எடுங்கள். மண்ணைவிட்டு வெளியே வந்து வெயில் பட்டால் நுனி பச்சையாகிக் கசக்கும். அடிப்பகுதியில் நகத்தால் அழுத்தினால் இறங்க வேண்டும். கேட்டால் கடைக்காரரே தோலுரித்துக் கொடுப்பார். வீட்டில் உப்புநீரில் சில நிமிடம் கொதிக்கவிட்டு அந்த நீரைக் கொட்டிவிடுங்கள், நாக்கைப் பிடிக்கும் காறல் போய்விடும். பிறகு எண்ணெயில் வதக்கி, சோயா சாறும் சர்க்கரையும் ஊற்றிச் சுண்டவைத்தால் 'யோமென்சுன்', சுத்த சைவம். உணவகத்தில் இதே குருத்து உப்புக்கண்டப் பன்றியோடும் புதுப் பன்றி இறைச்சியோடும் மணிக்கணக்கில் கொதித்து 'யான்துசியன்' என்ற வெள்ளைச் சூப்பாக வரும். அசைவம் சாப்பிடுகிறவர்கள் இந்தச் சூப்பை ஒருமுறையாவது குடித்துவிட வேண்டும்.

அதே வாரங்களில் காட்டுக்கீரைகள் வரும். ஜிசாய் கீரையை வொன்டன் என்ற சீனக் கொழுக்கட்டைக்குள் வைக்கிறார்கள். மாலன்தோவை வெந்நீரில் முக்கி எடுத்துப் பொடியாக நறுக்கி, கெட்டி டோஃபு சேர்த்து, நல்லெண்ணெய் விட்டுப் பிசைகிறார்கள். இங்குள்ள நல்லெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது. மணம் தூக்கலாக இருக்கும், சில துளிகள் போதும். மார்ச் கடைசியில் சியாங்ச்சுன் வரும். மரத்தின் செந்தளிர் இது, வேப்ப மரக் குடும்பத்தைச் சேர்ந்தது, வாசம் ஆளைத் தூக்கும். ஒரு நிமிடம் வெந்நீரில் போட்டெடுத்த பிறகே சமைக்க வேண்டும், பச்சைத் தளிரில் நைட்ரைட் அதிகம். நறுக்கி முட்டையில் அடித்து ஆம்லெட்டாகப் போடுங்கள். முதல் தடவை எல்லாவற்றையும் அவர்கள் முறையில் செய்து பாருங்கள் என்பது என் வேண்டுகோள். கடுகும் வரமிளகாயும் இரண்டாம் தடவைக்கு இருக்கட்டும்.

சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது

இந்தப் பருவத்து இனிப்புகளில் பன்றிக் கொழுப்பு ஒளிந்திருக்கும். விளக்குத் திருநாளுக்கு, அதாவது சந்திர ஆண்டின் முதல் பௌர்ணமிக்கு, சாப்பிடும் தாங்யுவான் உருண்டைகளில் கறுப்பு எள் பூரணம் இருக்கும். நிங்போ ஊர் முறைப்படி அந்தப் பூரணத்தில் பன்றிக் கொழுப்பைச் சேர்த்துப் பிசைவார்கள். காய்கறிப் பொரியலில் கோழித் தூள் போடுவதும் சாதாரணம். ஆகவே வெறுமனே "வோ ச்சி சு" (நான் சைவம்) என்று சொல்வது போதாது. "இறைச்சி, பன்றிக் கொழுப்பு, கோழித் தூள், சிப்பிச் சாறு எதுவும் வேண்டாம். முட்டை சாப்பிடுவேன்" என்பதை ஒரு சீன நண்பரிடம் சொல்லிச் சீன எழுத்தில் எழுதி வாங்கிப் போனில் வைத்து, சமையல்காரரிடம் காட்டச் சொல்லுங்கள். பொட்டலத்தில் வாங்கினால் பின்னாலுள்ள பட்டியலை மொழிபெயர்ப்புச் செயலியின் கேமராவில் பாருங்கள். ஷாங்காயில் 1922 முதல் நடக்கும் கோங்தெலின் போன்ற பௌத்த சைவ உணவகங்களில் இந்தக் கவலை இல்லை. பூண்டு வெங்காயம் சேர்க்காத வீட்டுக்காரர்களுக்கும் அதுதான் இடம்.

பூ பார்க்கும் வரிசை

முதலில் பிளம் பூ. நான்ஜிங்கில் ஊதா மலையின் அடிவாரத்திலுள்ள மெய்ஹுவாஷான் பிப்ரவரி பிற்பாதியில் மணக்கத் தொடங்கும். பிறகு செர்ரி. ஷாங்காயில் ஏழாம் எண் மெட்ரோ பிடித்துக் குச்சுன் பூங்கா நிலையத்தில் இறங்கலாம், நான்ஜிங்கில் ஜிமிங் கோயில் சாலை. மார்ச் பிற்பாதி இதற்கு உச்சம். வூஹான் பல்கலைக்கழக வளாகம் பேர்பெற்றது, ஆனால் பூக்காலத்தில் முன்பதிவு இல்லாமல் உள்ளே விடுவதில்லை. கடுகுக் குடும்பத்து மஞ்சள் பூவயல் பார்க்க ஜியாங்சியின் வூயுவான் மலைக்கிராமங்கள், மார்ச் நடுவில். ஏப்ரலில் லுவோயாங் நகரின் பியோனி. ஹாங்சோவில் மேற்கு ஏரியின் சூ கரையில் ஒரு பீச் மரம், ஒரு வில்லோ என்று மாற்றி மாற்றி நட்டிருப்பதால் மார்ச் கடைசியில் இளஞ்சிவப்பும் இளம்பச்சையுமாக இருக்கும். ஏரிக்கரைக்குக் கட்டணம் கிடையாது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது இந்த ஏரிக்கரைதான், அதுவும் வார நாளில், காலை ஏழு மணிக்கு. சனிக்கிழமை பிற்பகல் போனால் பூவைவிடத் தலைகள்தான் தெரியும்.

எந்தப் பூ எந்த நாளில் விரிகிறது என்பதைச் சியாவ்ஹோங்ஷு செயலியில் பாருங்கள். நேற்று எடுத்த படங்கள் அங்கே இருக்கும். பூங்காக்களின் முன்பதிவு பெரும்பாலும் வீசாட் செயலிக்குள்ளேயே முடியும், கடவுச்சீட்டு எண் கேட்கும். ரயில் சீட்டு 12306 செயலியில் 15 நாள் முன்னதாகத் திறக்கும். அதில் கடவுச்சீட்டைச் சரிபார்க்கும் வேலையைப் பிப்ரவரியிலேயே முடித்துவிடுங்கள், கடைசி நேரத்தில் செய்தால் சீட்டு போய்விடும். இடம் தீர்ந்திருந்தால் காத்திருப்புப் பட்டியலில் பெயர் போடுங்கள், பல சமயம் கிடைக்கிறது. வெளிநாட்டு அட்டையை அலிபே, வீசாட் இரண்டிலும் இணைத்துவைத்தால் தேயிலைக் கிராமத்துக் கிழவி வரை எல்லாரிடமும் பணம் கொடுக்கலாம்.

சிங்மிங்: முன்னோர் நாளும் உல்லாச நாளும்

சிங்மிங்கில் குடும்பத்தோடு மூதாதையர் கல்லறைக்குப் போய், புல் செதுக்கி, உணவு படைத்து, காகிதம் எரிப்பார்கள். அன்றே புல்வெளிக்குப் போய் விளையாடுவதும், பட்டம் விடுவதும் மரபு. நீத்தார் நினைவும் வசந்தக் கொண்டாட்டமும் ஒரே நாளில் இணைந்திருப்பதால் வெளியூர்க்காரர்களுக்கு எப்படி நடந்துகொள்வது என்று தெரியாது. "மகிழ்ச்சியான சிங்மிங் வாழ்த்துகள்" என்று யாருக்கும் செய்தி அனுப்பாதீர்கள். "நலமாக இருங்கள்" என்றால் போதும். வெள்ளை, மஞ்சள் செவ்வந்தி கல்லறைப் பூ, யார் வீட்டுக்கும் கொண்டுபோகாதீர்கள். காகிதம் எரிக்கும் குடும்பத்தைப் படமெடுக்காதீர்கள். 2008 முதல் இது பொது விடுமுறை, பெரும்பாலும் மூன்று நாள் சேர்ந்து வரும்.

அப்போதைய பண்டம் சிங்துவான். நம் தவனம், மாசிபத்திரி இனத்து மூலிகையின் சாற்றைப் பசையரிசி மாவில் பிசைந்து, உள்ளே சிவப்புப் பயறு விழுது வைத்து ஆவியில் வேகவைத்த பச்சை உருண்டை. பூரணக் கொழுக்கட்டையின் பச்சை நிறத் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்பிட்ட மஞ்சள் கருவும் இறைச்சித் துருவலும் வைத்த வகையும் இப்போது பிரபலம், வாங்கும் முன் கேளுங்கள். பயறு வைத்ததிலும் கொழுப்பு இருக்கலாம். கோங்தெலினிலும் சிங்துவான் விற்கிறார்கள், வரிசை நீளும். வாங்கிய அன்றே தின்றுவிட வேண்டும், குளிர்பெட்டியில் வைத்தால் கல்லாகிவிடும்.

இந்த மூன்று நாளில் எங்கே போகலாம் என்று தமிழர்கள் கேட்டால் நான் ஃபூஜியன் மாகாணத்துச் சுவான்சோவைத்தான் சொல்வேன். சோங், யுவான் அரச மரபுகளின் காலத் துறைமுகம், 2021-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. தமிழ் வணிகர்கள் இங்கே சிவன் கோயில் கட்டியிருந்தார்கள். 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இந்த ஊரில் கிடைத்தது. கையுவான் ஆலயத்தின் பெரிய மண்டபத்துக்குப் பின்புறம் போனால் நம் புராணக் காட்சிகள் செதுக்கிய தூண்கள் நிற்கின்றன, கடல்வணிக அருங்காட்சியகத்திலும் நம் சிற்பங்கள் உண்டு. சிங்மிங்குக்கு இந்தப் பக்கத்துப் பலகாரம் ருன்பிங், மெல்லிய தோலில் காய்கறியும் கடலைத் தூளும் வைத்துச் சுருட்டியது. சிங்கப்பூர், மலேசியாவில் இருந்தவர்கள் பார்த்தவுடன் "பொப்பியா!" என்பீர்கள். ஹொக்கியன் மக்கள் அங்கே கொண்டுபோனது இதுதான்.

தேயிலை

ஹாங்சோவின் லோங்ஜிங் தேயிலையில் சிங்மிங்குக்கு முன் பறித்ததற்குத்தான் மவுசு. மார்ச் பிற்பாதியில் லோங்ஜிங் கிராமத்துக்கோ மெய்ஜியாவுக்கோ போனால் வீட்டு வாசலிலேயே மின் சட்டியில் வறுப்பார்கள். கரண்டி கிடையாது. வெறுங்கையால் இலையைச் சட்டிச் சுவரில் அழுத்தி, இழுத்து, உதறுவார்கள். அந்த அழுத்தத்தில்தான் இலை தட்டையாகிறது.

விலை எகிறும். ஆசைப்பட்டு அரைக் கிலோ வாங்க வேண்டாம், 50 கிராம் போதும். முந்தி வருவது 'லோங்ஜிங் 43' என்ற ரகம், பழைய நாட்டு ரகம் சில நாள் பிந்தி வரும். பொறுத்திருந்து அதை வாங்குவது என் வழக்கம், மணத்தில் ஆழம் அதிகம். சிங்மிங்குக்கும் குயூவுக்கும் இடையே பறித்தது விலையும் இறங்கி, சுவையும் திடமாக இருக்கும், தினசரிக்கு அதுவே சரி. சுற்றுலாப் பேருந்து நிற்கும் கடையில் வாங்காதீர்கள். உட்கார்ந்து ஒரு கோப்பை குடித்த பிறகு முடிவு செய்யுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

நேரான கண்ணாடித் தம்ளரில் ஒரு சிட்டிகை இலை, கொதி அடங்கி 80 டிகிரிக்கு வந்த நீர். பாலும் சர்க்கரையும் சேர்ப்பதில்லை. மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே மறுபடி நீர் ஊற்ற வேண்டும். மூடி இறுக்கிக் குளிர்பெட்டியில் வைத்து அதே ஆண்டில் குடித்துவிடுங்கள்.

ஏப்ரல் 14 வாக்கில்

நமக்குச் சித்திரை முதல் நாள் வரும் அதே வாரத்தில் யுன்னானின் சிஷுவாங்பன்னாவில் 'தாய்' (Dai) என்னும் இனத்து மக்கள் புத்தாண்டுக்குத் தண்ணீர் தெளித்து விளையாடுகிறார்கள். தாய்லாந்தின் சோங்ரான் போல இதுவும் சங்கராந்தியின் கிளை. அங்கே அப்போது 30 டிகிரிக்கு மேல் இருக்கும், நனையத் தயாராகப் போங்கள், போனுக்கு நீர்புகா உறை கட்டாயம். குவாங்சியில் சந்திர மூன்றாம் மாதம் மூன்றாம் நாள் சுவாங் மக்களின் பாட்டுத் திருநாள். இலை, கிழங்குச் சாறுகளில் நிறமேற்றிய ஐவண்ணப் பசையரிசிச் சோறு அதற்கென்றே சமைப்பார்கள், பசையரிசி சைவம்தான்.

மே தினத்துக்கு ஐந்து நாள் விடுமுறை. நாடே ரயிலில் இருக்கும். ஊருக்குள்ளேயே இருந்துவிடுங்கள்.

கடைசித் தவணை: லிசியா

மே 5 வாக்கில் ஹாங்சோ, ஷாங்காய்ப் பக்கம் குழந்தைகளைத் தராசில் ஏற்றி எடை பார்ப்பார்கள். வண்ண நூல் வலையில் அவித்த முட்டையைப் போட்டுக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். பிள்ளைகள் முட்டையோடு முட்டை மோதி, யாருடையது உடைகிறது என்று பார்ப்பார்கள். குழந்தை இருந்தால் முதல் நாளே பள்ளியில் விசாரித்து ஒரு வலை வாங்கிவையுங்கள், இல்லாவிட்டால் வகுப்பில் உங்கள் பிள்ளை மட்டும் வெறுங்கழுத்தோடு நிற்கும்.

அப்போது சந்தை முழுக்கச் சான்தோ, அதாவது அகன்ற அவரை. ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது, இரத்தச் சிவப்பணு சிதையும். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் முதலில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் தோட்டோடு வாங்கி, சமைக்கப்போகும் நேரத்தில் உரியுங்கள். எண்ணெயில் வெங்காயத்தாளை வதக்கி, பயறைப் போட்டு, கொஞ்சம் நீரும் உப்பும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் சேர்த்து மூடி, தோல் வெடிக்கும்போது இறக்குங்கள். பயறின் மூக்கிலுள்ள கோடு பச்சையாக இருந்தால் தோலோடு சாப்பிடலாம், கறுத்திருந்தால் தோலை உரித்துவிட்டுச் சூப்பில் போடுங்கள்.